சூடு ஆறாத சக்கை

பீர் ஆலையின் ஊறல் தொட்டிக்குள் இறங்குவதற்கு முன் கொதெலீவ் பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டாள். பீருக்கான சாறு அத்தனையும் வடிந்துவிட்டிருந்தது. அடியில் பார்லிச் சக்கை கணுக்கால் உயரத்துக்கு ஆவி பறக்கக் கிடந்தது. யுத்தத்துக்கு முன் இதே தொட்டியில் சக்கை இடுப்பளவு நிற்கும். நான்கு ஆண்கள் இறங்கி அள்ளுவார்கள். இப்போது வாரத்தில் ஒரு நாள்தான் அடுப்பு எரிந்தது. அள்ளுவதற்கு அவளும் அலிடாவும் போதும். ஒருத்தியே போதும் என்று முதலாளி திங்கட்கிழமை சொல்லிவிட்டார். மாதக் கடைசியில் ஒருத்தி நிற்க வேண்டும்.

நிற்பது என்றால் வீட்டில் இருப்பது அல்ல. கல்யாணமாகாத பெண்ணுக்கு வேலை இல்லையென்றால் பெயர், ஊரைப் பிடித்து வைத்திருக்கும் ஜெர்மன்காரனின் ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து ரயில், அப்புறம் ஜெர்மனியில் ஏதோ ஒரு குண்டுத் தொழிற்சாலை. கொதெலீவின் தம்பி சில்வெஸ்தர் நெஞ்சு நோயோடு ஐந்து மாதமாகப் படுக்கையில் கிடந்தான். அவன் எந்த வேலைக்கும் ஆகமாட்டான் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அவளுக்கு அப்படி எழுதித் தர ஒரு வியாதியும் இல்லை.

"அந்த மூலையில வழிச்சிட்டியா, அக்கா?" தொட்டியின் விளிம்பில் வாளியோடு நின்ற அலிடா கேட்டாள்.

"வழிக்கிறதுக்கு என்ன இருக்கு? கோழி கொத்தினாலே காலியாயிடும்."

"பீர் மட்டும் எப்படி இருக்காம்? நேத்து ஆத்தங்கரை மதுக்கடைக்காரர் ரெண்டு பீப்பாயைத் திருப்பி அனுப்பிட்டார். இதைக் குடிச்சு போதை ஏறணும்னா முதல்ல நீச்சல் தெரிஞ்சிருக்கணுமாம்."

கொதெலீவ் சிரித்தாள். சிரித்ததும் இருமல் வந்தது. தம்பியின் இருமல் தனக்கும் ஒட்டிக்கொண்டதோ என்று ஒரு கணம் பயந்தாள். ஆவிதான் காரணம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

முன்பெல்லாம் சனிக்கிழமை தோறும் ஆளுக்கு ஒரு வாளி சக்கை உண்டு. முயலுக்கும் கோழிக்கும் போடுவார்கள். அது சம்பளத்தில் சேராத சம்பளம். இப்போது சக்கை முழுவதும் ஜெர்மன் பட்டாளத்துக் குதிரைகளுக்கு என்று உத்தரவு. ஒரு கைப்பிடி குறைந்தாலும் அடுத்த மாதத்துப் பார்லிக்கு அனுமதி கிடையாது என்று முதலாளியை மிரட்டி வைத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் எடை போடுவது ஈரச் சக்கையை. எடுத்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றினால் தராசு ஒன்றும் சொல்லாது. இதைக் கண்டுபிடித்தது அலிடாதான்.

எடுத்ததை வெளியே கொண்டுபோக மரச்செருப்பு இருந்தது. பாதம் முழுவதையும் மூடுகிற, முன்பக்கம் புடைத்த செருப்பு. வாசல்காரர் காமியேல் பையைப் பார்ப்பார், சட்டையைத் தட்டிப் பார்ப்பார், செருப்பைப் பார்க்கவேமாட்டார். அவர் வீட்டிலும் பங்கீட்டு ரொட்டி ஆளுக்கு ஒரு நாளைக்கு இருநூற்று இருபத்தைந்து கிராம்தான். சக்கையை உலர்த்தி இடித்து உருளைக்கிழங்குத் தோலோடு பிசைந்து சுட்டால் கறுப்பாக ஒரு ரொட்டி வரும். சில்வெஸ்தர் அதைப் பாலில்லாத காபியில் தோய்த்துத் தின்பான். உமி தொண்டையில் குத்துகிறது என்பான். ஆனாலும் மிச்சம் வைக்கமாட்டான்.

ஒரே ஒரு விதி: நன்றாக ஆறிய பிறகுதான் செருப்பில் போட வேண்டும். புதுச் சக்கை மேலே ஆறினாலும் உள்ளே மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். அலிடா தன் பங்கை முதல் வாளியிலேயே எடுத்து ஜன்னல் விளிம்பில் பரப்பிவிட்டாள். தொட்டிக்குள் நின்றவளுக்கு அதற்கு வழியில்லை. ஐந்து மணிக்குத்தானே வண்டி வரும் என்று கொதெலீவ் அவசரப்படவில்லை.

வண்டி இரண்டு மணிக்கே வந்துவிட்டது.

"எல்லாத்தையும் இப்பவே ஏத்தணுமாம். ஏத்தினதும் கதவைப் பூட்டுறாங்க, எல்லாரும் வீட்டுக்குப் போகணுமாம்," என்று ஓடிவந்து சொன்னாள் அலிடா. கொதெலீவ் குனிந்து இரண்டு கையாலும் அள்ளினாள். "ஐயோ, சுடுதுக்கா! வேண்டாம். என்கிட்ட இருக்கிறதுல பாதி எடுத்துக்கோ."

"உன் வீட்டுல அஞ்சு வாய் இருக்கு. போடி."

சக்கையைத் துணியில் பொதிந்து செருப்பின் முனையில் திணித்து, அதற்குப் பின்னால் பாதத்தை நுழைத்தாள். சூடு விரலிடுக்கில் ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு நாலடி நடந்து பார்த்தாள். நடக்க முடிந்தது. அந்த அறை எப்போதும் ஆவி மண்டியே கிடக்கும். அங்கே செருப்பில் வித்தியாசமாக எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

முற்றத்தில் பனி உறைந்து கிடந்தது. வாசலில் காமியேலோடு முதலாளியும் நின்றார், பீப்பாய்களை எண்ணிப் பார்க்க வந்த ஜெர்மன் சார்ஜெண்டும் நின்றான். வண்டியில் பூட்டிய செங்குதிரை மூக்கால் புகை விட்டது. கொதெலீவ் கைகளை விரித்துக் காட்டினாள். காமியேல் தோளைத் தட்டி, "சரி, போம்மா," என்றார்.

"இரு," என்றார் முதலாளி. "உன் கால்ல என்ன புகையுது?"

அவள் குனிந்து பார்த்தாள். இரண்டு செருப்பிலிருந்தும் வெள்ளையாக ஆவி எழுந்து, கணுக்காலைச் சுற்றி மேலே போய்க்கொண்டிருந்தது. ரொட்டி சுடுகிற மணம் வந்தது.

"ஈரம், முதலாளி. தொட்டிக்குள்ள நின்ன ஈரம்."

முதலாளி சார்ஜெண்டைப் பார்த்தார். சார்ஜெண்ட் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். முதலாளியின் முகம் வெளுத்துவிட்டது. பதினைந்து வருஷமாக அவளைத் தெரிந்த மனுஷர்; அவள் அப்பாவின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்.

"கழட்டு," என்றார். பிறகு, அவள் காதில் மட்டும் விழும்படி, "என்னை மன்னிச்சிரு. திங்கட்கிழமை வராதே," என்றார்.

"தம்பி தனியா இருக்கான், முதலாளி. நான் போயிட்டா அவனுக்கு யாரு?"

அவர் செருப்பைக் கைகாட்டினார்; அவள் கழற்றி வைத்தாள். பின்னால் வந்த அலிடா நின்றாள். அவள் செருப்பிலிருந்து ஆவி எதுவும் வரவில்லை. வாயைத் திறக்கப் போனவளைக் கொதெலீவ் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். காமியேல் அலிடாவின் முழங்கையைப் பிடித்து, "நட, நட, வழியை மறிக்காதே," என்று வெளியே தள்ளிவிட்டார். அலிடா அழுதுகொண்டே தெருவில் போனாள்.

சார்ஜெண்டுக்குக் கோபமே வரவில்லை. அவனுக்கு அது வேடிக்கையாக இருந்தது. துணியை உருவி எறிந்துவிட்டுச் சக்கையைச் செருப்புக்குள்ளேயே கொட்டி, ஒன்றைக் குதிரையின் வாயருகே நீட்டினான். குதிரை மோந்து பார்த்துவிட்டுத் தின்ன ஆரம்பித்தது. தின்று முடித்ததும் நாக்கை முனைவரை விட்டு உட்புறத்தை நக்கியது. அவன் அடுத்த செருப்பை எடுத்தான்.

வீட்டுக்கு ஒரு மைல் நடக்க வேண்டும். அவளுக்கு வேறு செருப்பு கிடையாது. வெந்து சிவந்த பாதங்களைப் பனியில் மாற்றி மாற்றி வைத்தபடி, குதிரை தின்று முடிக்கட்டும் என்று கொதெலீவ் காத்துக்கொண்டு நின்றாள்.