பத்தாவது தொப்பி

நகல் எடுக்கும் கடையில் மூன்று தரம் பெரிதாக்கியும் ஹெர் ரைஸ்மனுக்கு எழுத்துத் தெரியவில்லை. நாலாம் தரம் ஒரு பக்கம் நாலு தாளாகிவிட்டது. நான் அவற்றை ஒட்டிக் கொடுத்தேன். மனைவி இறந்த நாளில் வருடா வருடம் அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய செபம் அது. கத்திஷ் என்பார்கள். அவருக்கு மனப்பாடம்தான், ஆனால் பாரிசவாதம் வந்த பிறகு சொற்கள் நடுவில் தொலைந்துபோகின்றன. போன வருடம் ஆள் சேராமல் சொல்ல முடியவில்லை. அடுத்த வருடம் என்ற பேச்சு வேண்டாம் என்று டொக்டர் என்னிடம் சொல்லியிருந்தார்.

கெல்சென்கிர்ச்சனில் வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிப்பது என் வேலை. ரைஸ்மன் உக்ரேனில் பிறந்த யூதர், எண்பத்தாறு வயது. எங்கள் இருவரின் டொச், அதாவது ஜேர்மன் மொழி, ஒரே அளவு மோசம் என்பதால் ஒத்துப்போனோம். அவர் பேச்சை என் தமிழிலேயே எழுதுகிறேன், எனக்கு அது அப்படித்தான் கேட்டது.

"எங்கட கோயிலை இடிச்சு ரெண்டாயிரம் வருசமாகுது, ஃப்ராவ் கமலா," என்று ஒருநாள் சவரம் செய்துவிடும்போது சொன்னார். "அங்க விடிய ஒரு ஆட்டுக்குட்டி, பின்னேரம் ஒரு ஆட்டுக்குட்டி பலி. இப்ப அந்த நேரங்களில வெறும் சொல்லு. அதுகும் சிலதைச் சொல்ல யூத ஆம்பிளையள் பத்துப் பேர் வேணும். ஒராள் குறைஞ்சாலும் ஏலாது."

எங்கள் குலதெய்வக் கோயிலிலும் முன்பு வேள்விக்குக் கிடாய் வெட்டினார்கள், இங்கே பூசணிக்காயைப் பிளந்து குங்குமம் தடவி விடுகிறோம் என்றேன். இருமல் வரும் வரை சிரித்தார்.

"உங்கட கடவுளுக்கு விட்டுக்குடுக்கத் தெரியுது," என்றார்.

அவர்களுடைய செபக்கூடம் பக்கத்துச் சிறு நகரத்தில், ஒரு பழைய தபால் கந்தோரின் மேல்மாடியில். முதல் தரம் அவரைக் கூட்டிக்கொண்டு போனபோது, வந்தவர்களை விரல் நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். அவர் என் கையைப் பிடித்து இறக்கினார்.

"மனிசரை எண்ணக்கூடாது."

அங்கே தலைவராக இருக்கும் குரேவிச், பத்துச் சொல் கொண்ட வசனம் ஒன்றை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு வருவார். வசனம் முடிந்தால் ஆள் சரி. எனக்கு அது பிடித்திருந்தது. என்னை எண்ணாத முகாம் இல்லை. என்னைப் பெற்ற ஐயாவைப் போர் முடிந்த 2009 இல் எண்ணித்தான் ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள் என்று தங்கை சொன்னாள். அதற்குப் பிறகு எந்த எண்ணிக்கையிலும் அவர் இல்லை. எந்தத் திதியில் அவருக்குப் படைப்பது என்று இன்றைக்கும் தெரியாது. ரைஸ்மனுக்கு நாளாவது இருக்கிறதே என்று எனக்குப் பொறாமை.

ரைஸ்மனின் மனைவியின் திதி வியாழக்கிழமை விழுந்தது. செவ்வாய்க்கிழமை, வழக்கமாக வருகிற பத்துப் பேரில் ஒருவர் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். ரைஸ்மன் இன்னொரு ஆளைத் தேடி இரண்டு நாளும் டெலிபோனில் இருந்தார். டோர்ட்முண்டில் ஒருவருக்கு முழங்கால் ஒப்பரேஷன், எஸ்ஸனில் ஒருவருக்கு வேலை. வியாழன் காலை வெள்ளைச் சேர்ட் போட்டுவிட்டபோது அவர் தாளை மடியில் வைத்திருந்தார்.

சக்கர நாற்காலி ஏற்றும் வானை ஓட்டுவது என் கணவர் இளங்கீரன். ரைஸ்மனை லிஃப்டில் மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு இறங்கி வந்து அவரிடம் சொன்னேன்.

"இஞ்சருங்கோ, மேல வந்து அவையளின்ர தொப்பி ஒண்டைப் போட்டுக்கொண்டு பத்தாவது ஆளாப் பின்னுக்கு இருங்கோ."

"உமக்கென்ன விசரே? நான் ஆர், அவையள் ஆர்?"

"பூசணிக்காயை ஆடு எண்டு நாங்கள் வெட்டேல்லையோ? அந்த மனிசனுக்கு அடுத்த வருசம் இல்லை."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

வாசலில் குரேவிச் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவருக்கு இரண்டு கண்ணிலும் வெண்படலம்.

"இந்தியாவோ? கொச்சியிலயும் எங்கட ஆக்கள் இருக்கினம். கொச்சியோ?"

வாழ்நாளில் கொச்சியைப் பார்த்திராத என் கணவர் "யா" என்று தலையை ஆட்டினார். குரேவிச் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார், விடவே இல்லை. ஒரு கிழவர் அழுதுவிட்டார். தொப்பிப் பெட்டியிலிருந்து கறுப்புத் தொப்பி ஒன்றை எடுத்து அவர்களே அவர் தலையில் வைத்தார்கள். நான் திரைக்குப் பின்னால் பெண்கள் பக்கம் போய் இடைவெளியால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிடிபட்டுவிடுவோமோ என்று பயமாக இருந்தது, ஆனால் சந்தோசமாகவும் இருந்தது.

குரேவிச் வசனத்தைச் சொன்னார். பத்தாவது சொல் கடைசி வரிசையில் இளங்கீரனிடம் போய் நின்றது.

முன்வரிசையில் ரைஸ்மன் கம்பியைப் பிடித்து எழும்பினார். தாளை விரித்தார். பத்தாவது ஆள் யார் என்று பார்க்கத்தான் திரும்பியிருப்பார். முகத்தில் அப்படியொரு நன்றி. இளங்கீரன் குனிந்து சப்பாத்தைப் பார்த்தார். போன மாதம் தன் சமையலறைப் பல்பை மாற்றிக் கொடுத்தவரை ரைஸ்மனுக்குத் தெரியாதா?

எல்லோரும் முதல் சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். சொல்லிவிடுங்கோ, சொல்லிவிடுங்கோ என்று நான் திரையைப் பிடித்துக்கொண்டு தமிழில் முணுமுணுத்தேன்.

அவர் விரலை நீட்டினார். குரேவிச்சைக் காட்டி "ஒண்டு" என்றார். பக்கத்தில் இருந்தவரைக் காட்டி "ரெண்டு". யாரோ ரஷ்ய மொழியில் தடுக்கப் பார்த்தார்கள். அவர் நிறுத்தவில்லை. இளங்கீரனுக்கு வந்தபோது விரல் அவரைத் தாண்டிப் போனது. எட்டு முடிந்ததும் தன் நெஞ்சைத் தொட்டார்.

"ஒன்பது."

பிறகு உட்கார்ந்து தாளை மடித்தார். குரேவிச்சுக்கு விளங்க நேரமெடுத்தது. விளங்கியதும் அவர் என் கணவரைத் திட்டவில்லை. கொஞ்ச நேரம் முன் குலுக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாதவராகக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ரைஸ்மனை வானில் ஏற்றிப் பட்டியை இறுக்கும்போது, "என்னை மன்னியுங்கோ," என்றேன்.

"ஒரு நிமிசம் நான் நம்பிப்போட்டன்," என்றார்.

நெடுஞ்சாலையில் ஏறினோம். அப்போதுதான் கண்டேன், இளங்கீரன் தொப்பியைக் கழற்ற மறந்து அதோடேயே வானை ஓட்டிக்கொண்டிருந்தார். சொல்ல வாயெடுத்துத் திரும்பினேன். பின்னால் ரைஸ்மன் மடித்த தாளை மடியில் வைத்தபடி அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முன்னால் திரும்பிக்கொண்டேன்.