சுண்ணாம்பு எழுத்துக்கு அடியில்

1.
ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வெள்ளறடை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பாதிக் கதையைச் சொல்லிவிட்டுக் காரக்கோணத்தில் இறங்கிப் போய்விட்டார். மீதியை என் தலையில் கட்டிவிட்டார், மகாராசன்.

2.
1954. பாறையைக் கண்டதும் சுகிர்தபாயின் விழிகள்... (வேண்டாம். விழிகளை வைத்துக்கொண்டு கதையை நகர்த்த முடியாது.)

மறுபடி. கல்லூரியில் ரசாயன ஆய்வுக்கூடம் பார்க்கும் சுகிர்தபாய், ஊரில் மரச்சீனிக் கிழங்கு விளைக்கு நடுவே நின்ற பாறையில் பச்சைப் பரல் ஒன்றைப் பெயர்த்தாள். அமிலத்தில் கரைத்தாள். ஒரு பங்கில் மஞ்சள் படிந்தது, பாஸ்பேட். மறுபங்கில் வெள்ளை, அருமண் உலோகங்கள். கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட்தானே என்று பார்த்தால் அளவுகள் ஒத்துவரவில்லை. கல்கத்தாவில் இருக்கும் புவியியல் ஆய்வுத்துறைக்கு எழுதினாள். பதில் வந்தது: இதுவரை யாரும் காணாத கனிமம் போலிருக்கிறது, முழுப் படிகம் ஒன்று அனுப்புக.

மூன்று நாள் அவள் பச்சை வெளிச்சத்துக்குள்ளேயே நடந்தாள். சோறுகூடப் பச்சையாகத் தெரிந்தது.

பரல்தான் கரைந்து தீர்ந்துவிட்டதே. மிச்சமிருந்த ஒரே படிகம் பாறையில், அண்ணன் ரெத்தினதாஸ் சுண்ணாம்பால் எழுதிய எழுத்துக்கு அடியில் இருந்தது: ‘எங்களைத் தமிழ்நாட்டோடு சேர்.’*

(*திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டத்தில், தடியடியில் அவன் வலது மணிக்கட்டு நொறுங்கியது. கடைசியாக எழுதியது இதுதான்.)

3.
அண்ணன் சண்டை பிடிப்பதாக எழுதிப் பார்த்தேன். ஆள் மசியவில்லை. பாறையில் சாய்ந்துகொண்டு கேட்டான்:

“மக்கா, கல்லுக்க கூட ஊருபேரும் எழுதுவினுமா?”

“உண்டு அண்ணா. முதல்ல எடுத்த இடம்னு எப்பவும் இருக்கும்.”

“உலகம் முழுக்க?”

“முழுக்க.”

இடது கையால் உளியைத் தன் எழுத்தின்மேல் வைத்தான். “அப்பம் அடி. சுண்ணாம்பு மழையில போவும். கல்லு நிக்குமாக்கும்.”

அழுதுகொண்டே அடித்தாள்.

4.
படிகத்தோடு கல்கத்தாவுக்கு அனுப்ப வேண்டிய படிவம். நிறம்: பச்சை. ஊர்: வெள்ளறடை. ராஜ்யம்:

பேனா நின்றுவிட்டது. சட்டப்படி திருவிதாங்கூர்-கொச்சி. அண்ணனின் சொல்லை உடைத்த கையால் அதை எப்படி எழுதுவாள்? வெறுமனே விட்டால் படிவம் திரும்பி வரும்.

முடிவு ஒன்று: மதராஸ் என்று எழுதி... (அடித்துவிட்டேன். பொய்.)

முடிவு இரண்டு: அண்ணன் எழுந்து போகும்வரை காத்திருந்து... (அவன் போவதாயில்லை.)

இந்த ஊர் 1956இல் கேரளத்தோடு போனது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. பாறையில் இன்னும் சுண்ணாம்பு வாசம்.

இந்தாருங்கள் பேனா. மெல்ல எழுதுங்கள். ரெத்தினதாஸ் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ராஜ்யம்: