பஞ்சுவின் அட்டை

மூன்றாவது முறையாகப் பஞ்சு திரும்பி வந்துவிட்டது.

காப்பகத்தில் நாய்க்குட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவளைக் கறார் அக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். குட்டி கேட்டு வருகிறவர்களைக் கேள்வி கேட்டே ஒரு வழி பண்ணிவிடுவாள். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், வெளியூர் போனால் யார் சோறு வைப்பார்கள் என்று ஒன்றையும் விடமாட்டாள். வந்தவர்களும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் கேட்பது ஒன்றுதான். "அந்த வெள்ளைக் குட்டி இருக்கா?"

அதைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். சாக்கடை ஓரத்து அட்டைப்பெட்டியில் கிடைத்த ஐந்து குட்டிகள் அவை. தாய் தெருநாய். தகப்பன் யாரென்பது அந்தத் தாய்க்கே வெளிச்சம். நாலு குட்டிகள் திட்டுத்திட்டாக, ஒரு காது தூக்கி ஒரு காது தொங்கிப் பிறந்திருக்க, பஞ்சு மட்டும் பொம்மைக் கடையில் வாங்கியது போல வெள்ளைவெளேரென்று இருந்தது. மற்ற நாலையும் யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

அந்த நாலுக்காக அவள் மல்லுக்கு நின்றாள். ஒவ்வொரு கூண்டிலும் தொங்கும் அட்டையில் 'குணம்' என்று ஒரு கட்டம் உண்டு. கரிமூஞ்சி என்ற குட்டிக்கு இப்படி எழுதினாள்: 'முதலில் ஒளிந்துகொள்ளும். பத்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்தால் தானே மடிக்கு வரும். இடிக்குப் பயம்.' மூஞ்சியைப் பார்க்காதீர்கள், குணத்தைப் பாருங்கள் என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லி, ஒவ்வொன்றாக நாலையும் நல்ல வீடுகளில் சேர்த்தாள். ஒன்றுகூடத் திரும்பவில்லை.

திரும்பித் திரும்பி வந்தது பஞ்சுதான். கூப்பிட்டால் வருவதில்லை, ரொம்பத் திமிர் என்றது முதல் வீடு. தூக்கத்தில் தொட்டால் கடிக்க வருகிறது என்றது இரண்டாவது வீடு. அழகாகப் பிறந்த கொழுப்பு என்று அவளும் நினைத்துக்கொண்டாள். இப்போது மூன்றாவதாக, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பேனாவைத் திறந்துகொண்டிருந்தார். மூன்று முறை திரும்பிய குட்டியை மறுபடி யாருக்கும் தருவதில்லை என்பது காப்பகத்தின் சட்டம். குட்டியைத் திருப்பிக் கொடுக்கும் காகிதத்தில் அவர் கையெழுத்துப் போட்டதும் பஞ்சு பின்கட்டுக்குப் போய்விடும். அங்கே பெரிய நாய்கள் தின்றது போக மிஞ்சினால்தான் சின்னதற்குச் சோறு.

"நாப்பது நாள் பாத்தேம்மா. வான்னா வராது, போன்னா போகாது. எந்நேரமும் கால்ல முதுகை ஒட்டிக்கிட்டே படுத்துக்குது. எழுந்திரிக்கவே விடமாட்டேங்குது."

"மூஞ்சியைப் பாத்துத் தூக்கிட்டுப் போனா இப்படித்தான் சார். பொம்மைன்னு நெனச்சீங்களா?"

டிரைவர் நிதானமாகக் கூண்டைக் காட்டினார். "குணம் என்னன்னு தெரிஞ்சுக்கத்தான் அந்த அட்டையைப் படிச்சேன். நீங்க என்ன எழுதியிருக்கீங்கன்னு நீங்களே பாருங்க."

பஞ்சுவின் பழைய அட்டை இன்னும் அங்கேயே தொங்கியது. குணம் என்ற கட்டத்தில் அவள் கையெழுத்தில் ஒரே ஒரு வார்த்தை: 'வெள்ளை.'

அவளுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. இது எப்படியும் போய்விடும், இதற்கு எதற்கு மெனக்கெட வேண்டும் என்று எழுதியது. தப்பு தன்னுடையது என்று தெரிந்ததும் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. கையிலிருந்த எவர்சில்வர் கிண்ணத்தை மேஜையில் ஓங்கிப் போட்டாள். அது மேஜை மேலேயே கணகணவென்று சுற்றியது. கூண்டுகளில் இருந்த புதுக் குட்டிகள் அலறியடித்துக்கொண்டு மூலைக்கு ஓடின. டிரைவரே ஒரு கணம் ஆடிப்போனார்.

அவர் செருப்பில் முதுகைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்த பஞ்சு ஒரு காதைக்கூட அசைக்கவில்லை.

அவள் குனிந்து அதன் தலைக்கு மேலே கைதட்டினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒன்றும் இல்லை. பிறகு தரையில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள். பஞ்சு சட்டென்று கண் திறந்து அவளைப் பார்த்து வாலை ஆட்டியது. கூடப் பிறந்தவை ஓடியபோதெல்லாம் பின்னாலேயே ஓடியதால் இங்கே யாருக்கும் தெரியாமல் போயிருக்கிறது. ஒரு மணி நேரம் இதனோடு தனியாக உட்கார்ந்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். அந்த நாலோடும் அவள் அப்படித்தான் உட்கார்ந்தாள்.

டிரைவர் கையிலிருந்து பேனாவை வாங்கி, அட்டையில் இருந்த வார்த்தையை அடித்துவிட்டு எழுதினாள். 'காது கேட்காது. தரையைத் தட்டினால் திரும்பும். நாம் எழுந்து போனால் தெரிய வேண்டும் என்று காலில் சாய்ந்தே தூங்கும்.'

டிரைவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"முப்பது வருஷம் ஹாரன் அடிச்சவன்மா நான். நாப்பது நாளா இதைக் கத்திக் கத்தித் திட்டியிருக்கேன்."

"நீங்க திட்டினது எதுவும் அதுக்குக் கேக்கலை சார். நான் எழுதாம விட்டதுதான் அதை மூணு வீட்டுக்கு அலைய விட்டிருக்கு."

அவர் செருப்பு நுனியால் தரையை மெதுவாக ஒருமுறை தட்டினார். பஞ்சு தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. கையெழுத்துப் போடாத காகிதத்தை அவர் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.