மூன்றாம் பாகத்தின் தாளம்

அந்த அலுவலகத்தில் அவருக்குத் தாளக்காரர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. அங்கே செய்தது கையடக்கக் கருவியில் ஆடும் போர் விளையாட்டு. அதில் பொத்தான்தான் முரசு. நாலு தட்டுத் தட்டினால் குட்டி வீரர்கள் முன்னே நடப்பார்கள். வேறு மாதிரி தட்டினால் ஈட்டி எறிவார்கள், இன்னொரு மாதிரிக்குப் பின்வாங்குவார்கள். எப்போது எதைத் தட்டுவது என்பது ஆடுகிறவன் புத்தி. ஆனால் தாளம் தப்பினால் எந்தப் புத்தியும் செல்லாது. படை மரம் மாதிரி நின்று மிதிபட்டுச் சாகும். முதல் இரண்டு பாகங்களுக்கும் தாளம் அமைத்தவர் அவர். மூன்றாவதிலும் அவர் எள் என்றால் மற்றவர்கள் எண்ணெயாக நின்றார்கள்.

காதுதான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. இரண்டு வருடமாக முடியை நீளமாக வளர்த்து, அதற்குள் காதுக்கருவியை ஒளித்து வைத்திருந்தார். விளையாட்டின் ஓசை கம்பியில்லாமல் நேரே அதற்குள் போகும். மனைவிக்கு மட்டும் தெரியும். "சொல்லித் தொலைங்களேன், யாரும் தலையை வாங்கிட மாட்டாங்க" என்பாள். செவிடன் போட்ட தாளம் என்று ஒருத்தன் சொல்லிவிட்டால்? காதுமேல் முடியை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொள்வார்.

சோதனைப் பிரிவில் ஒரு பெண் இருந்தாள். நாள் முழுக்க விளையாடி, எங்கே பிசகுகிறது என்று எழுதிக் கொடுப்பது அவள் வேலை. "சார், சரியாத்தான் தட்டுறேன். முந்திட்டேன்னே காட்டுது" என்று மூன்று முறை வந்து சொன்னாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள், பாவம். மேனேஜர் கேட்டபோது, பெண்ணுக்குத் தாளம் வரவில்லை என்று எழுதியும் கொடுத்தார். வெள்ளிக்கிழமை கடைசிப் போரைப் பிசகில்லாமல் முடிக்காவிட்டால் வேலை இல்லை என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள்.

வியாழன் மதியம், சாப்பாட்டு அறையில் அவர் தனியாக ஆடிக்கொண்டிருக்கையில் காதுக்கருவியின் பேட்டரி தீர்ந்தது. ஒலியை முழுக்க ஏற்றி, ஒலிபெருக்கித் துளைகள்மேல் ஒரு விரலை வைத்து, அதிர்வைப் பிடித்துத் தட்டினார். முந்திவிட்டாய் என்றது. மறுபடி தட்டினார். முந்திவிட்டாய். காதுக்கருவி மாட்டுவதற்கு முன்னால் செய்த இரண்டாம் பாகத்தைப் போட்டார். ஒரு பிசகு இல்லை.

அப்போதுதான் உறைத்தது. காதுக்கருவி வழியாக ஓசை அவருக்கு இமைப்பொழுது பிந்தி வந்துகொண்டிருந்திருக்கிறது. அந்தப் பிந்தலையே சரி என்று விளையாட்டில் எழுதிவைத்துவிட்டார். மற்ற சோதனைக்காரர்கள் தங்கள் கையைச் சந்தேகப்பட்டு, வாயை மூடிக்கொண்டு பழகிவிட்டார்கள். வாய் திறந்தவள் அவள் ஒருத்திதான்.

சொல்லிவிடுவது என்றுதான் வெள்ளிக்கிழமை போனார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் ஒரு பெண்ணின் பிழைப்பில் மண் போட அவருக்கு மனம் வரவில்லை. அவர் உள்ளே நுழைந்தபோது மேனேஜர் எதிரில் அவள் ஏற்கனவே ஆடிக்கொண்டிருந்தாள். நடை, ஈட்டி, பின்வாங்கல், மறுபடி ஈட்டி. கடைசிக் கோட்டை விழும்வரை ஒரு தட்டுக்கூடத் தப்பவில்லை.

"நீங்க சொன்னதுதான் சார் சரி" என்று எழுந்து நின்றாள். கண் குழி விழுந்திருந்தது. "ஒரு வாரமா சோறு தண்ணி இல்லாம பழகினேன். இப்ப முதல் பாகம்தான் சுத்தமா வரமாட்டேங்குது. எட்டு வயசுலேர்ந்து ஆடினது சார். எடுத்த உடனே படை செத்துப்போகுது. இத்தனை வருஷமா தப்பாத்தான் தட்டியிருக்கேன் போல."

அவர் வாயைத் திறந்தார். பெண்ணின் வேலைதான் தப்பிவிட்டதே என்று உள்ளே ஏதோ ஒன்று சொன்னது. அது எவ்வளவு கேவலமான நிம்மதி என்று அவருக்குத் தெரியும்.

"என்ன சார், வெளியிட்டுடலாமா?" என்றார் மேனேஜர்.

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வெளியிட்டுடுங்க" என்றார். பிறகு அவளிடம், "இப்பதான்மா உனக்குத் தாளம் வந்திருக்கு" என்றார்.