நான்காவது இடம்

"அண்ணே, என்னைய அந்தப் போட்டோவுல இருந்து எடுத்துருங்க" என்று முருகேஸ்வரி வந்து நின்றபோது மதியம் மூன்று மணி இருக்கும். விஸ்வநத்தம் விலக்கில் இருக்கிற என் பிளக்ஸ் கடைக்கு, ஆட்களைச் சேர்க்கச் சொல்லித்தான் பெரும்பாலும் வருவார்கள். செத்துப்போன அப்பாவை மகளின் கல்யாணப் படத்தில் நிறுத்த வேண்டும், துபாயில் இருக்கிற தாய்மாமனைக் காதுகுத்து பேனரில் சிரிக்க வைக்க வேண்டும். எடுக்கச் சொன்னால் அது சண்டை போட்டுப் போன மருமகளாக இருக்கும். உயிரோடு இருக்கிற ஒருத்தி தன்னையே எடுக்கச் சொல்லி அன்றுதான் பார்த்தேன்.

எந்தப் போட்டோ என்று நான் கேட்கவில்லை. போன ஆயுத பூஜைக்கு அவள் வேலை பார்க்கும் பட்டாசு ஆபீஸில் எடுத்தது; பட்டாசு ஆலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். முதலாளி மகன் சூர்யபிரகாஷ் புதுக் கேமரா வாங்கியிருந்தார். அதை ஸ்டாண்டில் மாட்டி, வாழைக்கன்றும் மாலையும் கட்டிய வெறும் சுவரை முதலில் ஒன்று எடுத்தார். பிறகு ஐந்து பேரை அதே சுவருக்கு முன்னால் நிறுத்தி இன்னொன்று. இரண்டையும் எனக்கு அனுப்பி, ஆட்கள் இருப்பதைச் சட்டம் போட்டுத் தரச் சொன்னார். இடது பக்கமிருந்து ஃபோர்மேன் தங்கப்பாண்டியன், மாரித்தாய், சிவபாண்டி, முருகேஸ்வரி, கடைசியில் ரோஜா. ரோஜா என் மனைவி. அலுமினியப் பொடி அப்பாத முகத்தோடு, நல்ல துணி உடுத்தி அவர்கள் நிற்கிற ஒரே படம் அதுதான்.

அதனால்தான் மார்கழியில் தங்கப்பாண்டியன் நெஞ்சுவலியில் போனதும் அவர் வீட்டார் கண்ணீர் அஞ்சலி பேனருக்கு அந்தப் படத்தையே காட்டினார்கள். மாசியில் மஞ்சள் காமாலையில் போன மாரித்தாய்க்கும் அதே படம். சித்திரையில் ஆமத்தூர் பக்கம் லாரியில் அடிபட்ட சிவபாண்டிக்கும் அதே படம். பட்டாசு ஆபீஸ்காரர்களை வெடிதான் கொண்டுபோகும் என்று ஊரே பயந்து கிடக்கும். இந்த மூன்று பேர் மேலும் ஒரு பொறிகூடப் படவில்லை. மூன்று தடவையும் போனவரை மட்டும் வெட்டியெடுத்துப் பேனர் போட்டேன். வெட்டியெடுக்கிறேன் என்று பேர்தானே தவிர, நான் எதையும் வெட்டுவதில்லை. கம்ப்யூட்டரில் படத்துக்கு மாஸ்க் ஒன்று போட்டு, வேண்டாத இடத்தில் கறுப்பைப் பூசுவேன். கறுப்புப் பட்டது மறையும். அதன் மேலேயே வெள்ளையைப் பூசினால் திரும்பி வரும். உள்ளே எல்லாரும் அப்படியேதான் நிற்பார்கள். மூன்று தடவை அந்தப் படத்தைத் திறந்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அவள் சொல்லித்தான் உறைத்தது.

"வரிசையாப் போறாகண்ணே. எடது பக்கத்துல இருந்து. அடுத்து நான்தான்."

"அடி கிறுக்கி, சும்மா கெட."

"கிறுக்கியாவே இருந்துட்டுப் போறேன். எனக்கு ரெண்டு பொட்டப்பிள்ளைக. எல்லாரு போன்லயும் கெஞ்சிக் கூத்தாடி அழிச்சுட்டேன். ஆபீஸ்ல மாட்டிருக்குற சட்டம்தான் பாக்கி. நான் இல்லாம ஒண்ணு கொண்டாந்தா மாத்திக்கிறலாம்னு சின்ன மொதலாளி சொல்லிட்டாக."

சிரித்துவிட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் அவள் அதற்குள் முந்தானையில் முடிந்திருந்த ரூபாயை அவிழ்த்து மேசையில் வைத்துவிட்டாள். படத்தைத் திறந்து, அடியில் அந்த வெறும் சுவரை வைத்தேன். மாஸ்க்கில் அவள் கால் பக்கத்திலிருந்து கறுப்பைத் தடவிக்கொண்டே போனேன். சேலைக் கரை மறைந்து சுவர் வந்தது. இடுப்பு மறைந்து வாழையிலை வந்தது. முருகேஸ்வரி என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் மறைந்தபோது தன் கன்னத்தை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மிச்சம் இருந்தது அவளுடைய இடது கை. மூன்று பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட கை, மணிக்கட்டோடு ரோஜாவின் தோளில் கிடந்தது. விரல்மேல் கறுப்பை வைத்ததும் ரோஜாவின் தோளும் சேர்ந்து போய், அந்த ஓட்டை வழியாகச் சுவர் தெரிந்தது. பதறிப்போய் பழையபடி ஆக்கினேன்.

"கையி நிக்கிதேண்ணே."

"நான் பாத்துக்கிறேன். நீ நாளைக்கு வா."

"நான் அதுல இல்லேல்ல? முழுசா அழிச்சுட்டீகள்ல?"

அழித்தாயிற்று என்றேன். அதைக் கேட்டதும்தான் அவள் முகத்தில் ரத்தம் ஓடியது. "ரோஜாக்காவ நான் கேட்டேன்னு சொல்லுங்கண்ணே" என்றபடி படியிறங்கிப் போனாள்.

ரோஜா. திரையைத் திரும்பிப் பார்த்தேன். மூன்று பேர், ஒரு காலி இடம், அதற்கு அடுத்து ரோஜா. தான் விலகினால் அடுத்தது ரோஜா என்று முருகேஸ்வரிக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் என்னிடம் வந்திருக்கமாட்டாள். இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை நான். ஆனாலும் என் விரல் தானாகப் போய், கறுப்பை வெள்ளையாக மாற்றுகிற பொத்தானை அமுக்கியது. காலி இடத்தில் வெள்ளையைத் தடவினேன். மெட்டி போட்ட விரல் வந்தது, கரண்டைக்கால் வந்தது, சேலை மடிப்பு வந்தது. முழங்கால் வரை அவளைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் பெண்டாட்டிக்கு முன்னால் இரண்டு பிள்ளைகளின் தாயை நிறுத்திக்கொண்டிருந்தேன். 'ரோஜாக்காவ நான் கேட்டேன்னு சொல்லுங்க' என்று அவள் சொன்னது காதிலேயே நின்றது. மறுபடி கறுப்பை எடுத்து அந்தக் கால்களை மறைத்தேன்.

பிறகு ஆனைக்குட்டம் அணையில் நானும் ரோஜாவும் எடுத்துக்கொண்ட படத்தைத் திறந்தேன். இத்தனை வருஷத் தொழிலில் என்னையே நான் வெட்டியதில்லை. காதைச் சுற்றி, கலைந்த தலைமுடியைச் சுற்றி, நரைக்க ஆரம்பித்த கிருதாவைச் சுற்றிப் பொறுமையாகப் போனேன். ரோஜாவும் அணையும் தண்ணீரும் மறைந்து நான் மட்டும் நின்றேன். அந்த என்னைக் கொண்டுவந்து நான்காவது இடத்தில் வைத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. என் முழுக்கைச் சட்டையை இழுத்து அந்த மணிக்கட்டு வரை கொண்டுவந்ததும், வளையல் போட்ட கை என்னுடையது போலவே ஆகிவிட்டது.

மறுநாள் முருகேஸ்வரி பிரிண்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க எதுக்கு..."

"எடம் வெறிச்சுன்னு இருந்துச்சு. கொண்டு போ."

அவள் வரிசையை விரலால் ஒருமுறை தடவினாள். கடைசியில் ரோஜாவின் முகத்தில் விரல் நின்றது. அவளுக்கும் புரிந்துவிட்டது என்று தெரிந்தது. கண் கலங்க என்னைக் கும்பிட்டுவிட்டு, படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

நான்கு நாள் கழித்து, வேலை முடிந்து வந்த ரோஜா சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஆபீஸ்ல போட்டோ மாத்திருக்காக. அதுல நீங்க நிக்கிறீக."

"நான்தான் சும்மா வெளாட்டுக்குச் சேத்தேன்."

"அப்படித்தான் நானும் நெனச்சேன். சின்ன மொதலாளிகிட்டச் சொன்னா, இல்லேங்காக. ஆயுத பூஜையன்னைக்கு நீங்க வந்தீகளாம். அவுகதான் உங்களக் கூப்பிட்டு எம்பக்கத்துல நிறுத்துனாகளாம். நல்லா ஞாபகம் இருக்குங்காக."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தண்ணீர்ச் செம்பை எடுக்க இடது கையை நீட்டினேன். ரோஜா சட்டென்று அதைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினாள். மணிக்கட்டைச் சுற்றி, இறுக்கமான வளையலைக் கழற்றிய பிறகு தெரிகிற மாதிரி, சிவப்பாக மூன்று வளையங்கள் பதிந்திருந்தன.