விளக்காயி கதையில் மழைக்குத் தடை

எங்கள் ஊரில் மழையைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்று சட்டம் போட்டவள் நான்தான். ஊர் என்றால், ஆந்திராவில் குடிபாலா தாண்டி வேலூர் எல்லையை ஒட்டினாற்போல இருக்கிற சின்ன ஊர். சட்டமும் ஒரே ஒரு மத்தியானத்துக்குத்தான்.

விஷயம் இதுதான். ஆனித் திருவிழாவின் கடைசி நாள் எங்கள் கோயிலில் விளக்காயி கதையைச் சொல்லியாக வேண்டும். ஏரி உடைந்து ஊரே தண்ணீரில் தத்தளித்தபோது, கரை எது பள்ளம் எது என்று ஜனங்களுக்குத் தெரியட்டும் என்று, தலையில் விளக்கோடு கரைமேல் நின்றவள் அவள். அந்த வெளிச்சத்தைப் பார்த்து நடந்தவர்கள் எல்லாரும் பிழைத்தார்கள். அவள் மட்டும் விடிவதற்குள் கல்லாகிப் போனாள். அவள் கதையைச் சொன்னால் மழை வரும் என்பது ஊர் நம்பிக்கை.

எல்லாரும் நிலக்கடலை போட்ட காலத்தில் உண்டான வழக்கம் அது. அப்போது ஆனி மழை என்றால் கொண்டாட்டம். இப்போது ஊரில் கடலை போடுகிறவர் யார்? எங்கு பார்த்தாலும் மாந்தோப்பு. ஆனியில்தான் தோத்தாபுரி முற்றித் தொங்கும். அந்த நேரம் பார்த்து மழையும் காற்றும் வந்தால் எல்லாம் போச்சு. கீழே விழுந்து அடிபட்ட காயைச் சித்தூர் ஜூஸ் ஃபேக்டரிக்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

போன வருஷம் அதுதான் நடந்தது. கதை முடிந்து கற்பூரம் காட்டுவதற்குள் காற்று கிளம்பியது. எங்கள் தோப்பில் பாதிக் காய் தரைக்கு வந்துவிட்டது. எங்கள் இரண்டு குடும்பத்திலும் சொந்தமாக நிலம் என்று ஒன்றைக் கண்டது நானும் என் வீட்டுக்காரர் முனிரத்தினமும்தான். எங்களுக்கு முன்னால் எல்லாரும் அடுத்தவர் காட்டில் கூலி. விழுந்து கிடந்த காய்களுக்கு நடுவே உட்கார்ந்து அன்றைக்கு நான் அழுத அழுகையை ஊரே பார்த்தது. இந்த வருஷமும் அப்படி ஆனால் என்னால் தாங்க முடியாது. அதிலும் திருவிழாவுக்கு மறுநாள் காலையில்தான் எங்கள் அறுப்பு.

கோயில் தலைவர் கேசவனிடம் சண்டைக்குப் போனேன். "இந்த வருசம் கதையே வேணாம். போன வருசம் காத்து துன்னதே போதும்."

"ஐயோ, சாமி குத்தம் ஆயிடும் செங்கமலம்."

"அப்ப மழைய வுட்டுட்டுச் சொல்லச் சொல்லு."

அவருக்கும் தோப்பு இருந்தது. ரொம்ப நேரம் யோசிக்கவில்லை, தலையாட்டிவிட்டார்.

வழக்கமாகக் கதை சொல்கிற வெங்கடசாமி இந்த முறை வேறு ஊருக்கு ஒத்துக்கொண்டுவிட்டதால், கன்னிகா என்ற பெண் வந்தாள். ராணிப்பேட்டைப் பக்கத்துப் பெண். திருப்பதியில் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை, லீவு கிடைத்தால் கோயில் கோயிலாகக் கதை. பஸ்ஸை விட்டு இறங்கியவளுக்கு ஒரு வாய் மோர்கூடக் கொடுக்காமல் சட்டத்தைச் சொன்னோம்.

"மழை வராம அவ எதுக்கு விளக்க தூக்கினு நிக்கிறா?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. கேசவன் என் முகத்தைப் பார்த்தார்.

"இருட்டுன்னு சொல்லு" என்றேன்.

"மேகம்?"

"வேணாம்."

"இடி, மின்னலு?"

"வத்து, வத்து!" என்றார் கேசவன். பயம் வந்தால் அவருக்கு வேண்டாம் என்பதுகூடத் தெலுங்கில்தான் வரும்.

"அவ கூந்தலு கார்மேகம் மாதிரின்னு ஒரு வரி வருதேக்கா?"

"சும்மா கருப்புன்னு சொல்லு."

"அழுவுறாளே, அதுக்கு?"

இதற்கு நான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. "கண்ணீரு பரவால்ல. மழையா கொட்டுச்சுன்னு மட்டும் சொல்லாத."

அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "சரிக்கா. ஆனா என் கதையில மழை மேகத்துலருந்து வராது" என்றாள்.

"பின்ன எதுலருந்து வருமாம்?"

"சொன்னா உங்க சட்டத்த மீறினதா ஆயிடும்."

பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். எனக்குச் சுருக்கென்றது. மேகத்திலிருந்து வராமல் மழை வேறு எதிலிருந்து வரும்? அந்தக் கேள்வி என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மத்தியானம் சுள்ளென்ற வெயிலில் ஷாமியானா போட்டுக் கதை ஆரம்பமானது. நான் முன்வரிசையில், காவலுக்கு. கன்னிகா சொன்ன சொல் தவறவில்லை. விளக்காயியின் கூந்தல் சட்டியடிக் கரி மாதிரி இருந்தது என்றாள், ஜனங்கள் சிரித்தார்கள். ஏரி உடைந்த சத்தம் ஜூஸ் ஃபேக்டரி மிஷினு மாதிரி கேட்டது என்றாள், இன்னும் சிரித்தார்கள். வருஷா வருஷம் நான் முந்தானையால் கண்ணைத் துடைக்கிற இடம் அது. இன்றைக்குப் பக்கத்தில் இருந்த வெங்கடம்மா கொட்டாவி விட்டாள்.

"தண்ணி ஏறி வந்துச்சு" என்றாள் கன்னிகா.

"எதுல வந்துச்சு, டேங்கர்லயா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். ஷாமியானாவே குலுங்கியது.

அந்தப் பெண்ணின் காது சிவந்துவிட்டது. தொடர்ந்து சொல்லிப் பார்த்தாள். விளக்காயி கரைமேல் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். எதற்கு நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை, கவலையும் இல்லை. சிலர் எழுந்து செருப்பைத் தேடினார்கள். நான் கேட்டது எல்லாம் கேட்டபடியே நடந்துகொண்டிருந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. அவள்மேலா என்மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. உயிரைக் கொடுத்தவளை ஒரு கேலிப்பேச்சாக்கி வைத்திருந்தோம். அதற்கும் மேலே அந்தக் கேள்வி வேறு குடைந்துகொண்டிருந்தது.

"ஏ பொண்ணு!" என்று எழுந்துவிட்டேன். "உன் மழைய சொல்லு."

"செங்கமலம்! நாளைக்கி உனக்கு அறுப்பு" என்றார் கேசவன்.

"எனக்குத் தெரியாதா? அவ சொல்லட்டும்."

தோப்பு என்னுடையது மட்டுமா என்று யாராவது சண்டைக்கு வருவார்கள் என்று பார்த்தேன். யாரும் வரவில்லை. செருப்பு மாட்டியவர்கள்கூட நின்றார்கள்.

கன்னிகா மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். குரலை உயர்த்துவாள் என்று நினைத்தேன், தாழ்த்தினாள்.

"விளக்காயி உப்பு ஜாடிய தொறந்தா. உப்பு கசிஞ்சிருந்துச்சு" என்றாள்.

அவ்வளவுதான். ஈரத்தைத் தடவிப் பார்ப்பதுபோல விரலைத் தேய்த்தாள். பிறகு, "எறும்பு முட்டைய கவ்விக்கினு செவுத்துமேல ஏறுது. மேயப் போன ஆடு பாதியில திரும்பி வருது. மண்ணு வாசனை அடிக்குது. நம்ம ஊரு மண்ணு இல்ல, எங்கியோ தூரத்து மண்ணு."

வெங்கடம்மா மூக்கை உறிஞ்சினாள். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் உறிஞ்சினேன்.

"விளக்கு அணையாம இருக்க ஓட்டை போட்ட சட்டிக்குள்ள வெச்சுத் தலையில தூக்கினா. சட்டி சூடேறிக் கெடக்குது. அதுமேல ஒரு பொட்டு வுழுந்துச்சு. சுர்ருன்னுச்சு."

நான் ஷாமியானாவை அண்ணாந்து பார்த்தேன்.

"இன்னொரு பொட்டு."

அப்புறம் அவள் வேகமெடுத்தாள். தண்ணீர் விளக்காயியின் கொலுசைத் தொட்டது, கணுக்காலைத் தொட்டது, கரைமண் அவள் பாதத்தடியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. எதிர்ப்பக்கம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தி அந்த வெளிச்சத்தையே பார்த்தபடி நடந்து வந்தாள். அவள் வந்து சேருகிற வரைக்கும் விளக்காயி அசையக்கூடாது. ஜனங்கள் காலை மடக்கி உட்கார்ந்தார்கள். டேங்கரா என்று கேட்டவன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டிருந்தான். வெளியே வெயில் கண்ணைக் கூசவைத்தது. எனக்குக் கை சில்லிட்டுப் போயிருந்தது. குழந்தைக்காரி கரையேறியபோது நான் வாய்விட்டு அழுதேன்.

அவள் கடைசிவரை மேகம் என்றோ மழை என்றோ ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கதை முடிந்ததும் அவளைப் பிடித்து, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே? எங்க சட்டத்துக்கு ஒன்னும் ஆயிருக்காதே" என்று கேட்டேன்.

"நீங்க வார்த்தைய மட்டுமாக்கா தடுத்தீங்க? மழையயே இல்ல தடுத்தீங்க" என்றாள்.

அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டுத் தோப்புக்குக் கிளம்பினேன். அன்று மழை வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. மறுநாள் காய் முழுசாக லாரி ஏறிச் சித்தூர் போனது. நான் சொல்ல வந்தது அதுவல்ல.

தோப்பில் முனிரத்தினம் அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார். எனக்கு முன்னாலேயே செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

"மழைய சொல்லச் சொன்னது நீதானாமே?"

"ஆமா."

திட்டுவார் என்று நினைத்தேன். சிரித்தார். "வானத்த பாரு, பொட்டு மேகம் இல்ல. போன வருசம் வெங்கடசாமி சொன்னான், கொட்டுச்சு. உன் திருப்பதிக்காரிக்கு ஒன்னும் தெரியல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரை ஒரு வாங்கு வாங்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என் காலைக் காட்டினார்.

"அது சரி, பொடவைய எதுக்கு அப்டித் தூக்கினு வர?"

குனிந்து பார்த்தேன். கோயிலிலிருந்து தோப்பு வரைக்கும், புழுதி பறக்கிற பாதையில், கொசுவத்தை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்தபடியே நடந்து வந்திருக்கிறேன். கை இன்னும் விடவில்லை.

"நனையாம இருக்கத்தான்" என்றேன்.