மற்றும் குழுவினர்

நோட்டீஸின் ஒன்பதாவது வரியில் தர்மன் தன் பெயரைத் தானே அச்சுக் கோத்தான். "பேஸ் கிடார்: தர்மன்." பெரிய காஞ்சிபுரத்து அச்சுக்கூடம் ஒன்றில் அவன் கம்பாசிட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் நமச்சிவாயத்தின் மெல்லிசைக் குழுவில் வாசிப்பான். நாலு வருஷமாகக் குழுவின் நோட்டீஸ் எல்லாமே அவன் கைவேலைதான். பாடகி கமலவேணிக்குக் கொட்டை எழுத்து, அக்கார்டியன் நமச்சிவாயத்துக்கு அதற்கடுத்த அளவு, தபேலாவுக்கும் டிரம்ஸுக்கும் ஆளுக்கொரு வரி. அவன் மட்டும் "மற்றும் குழுவினர்" என்பதற்குள் இருந்தான்.

புரூஃபைப் பார்த்த நமச்சிவாயம் கோபப்படவில்லை. விழாக் கமிட்டித் தலைவர் பெயருக்கு இடம் வேண்டும் என்று சொல்லி, அந்த வரியைப் பென்சிலால் அடித்தார். படியிறங்கும்போது சாதாரணமாகத்தான் கேட்டார். "அந்த பேஸ் சத்தம் யாருக்குப்பா காதுல விழுது?"

அந்த வாரம் முழுக்க தர்மனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டான். ஆடித் திருவிழாக் கச்சேரி இந்த முறை முசரவாக்கத்தில், அவனுடைய சொந்த ஊரில். போன வருஷம் பக்கத்து ஊர்க் கச்சேரிக்கு வந்திருந்த அவன் அண்ணன் முருகேசன், எல்லாரும் வாசிக்கும்போது நீ மட்டும் ஏன் சும்மா நின்றுகொண்டிருந்தாய் என்று கேட்டிருந்தான். கேலியாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரியாமல்.

மாலை ஐந்து மணிக்குக் கச்சேரி தொடங்கியது. முன்வரிசை நாற்காலியில் மெட்ராஸிலிருந்து வந்த ரிக்கார்டிங் கம்பெனிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கமலவேணியின் குரலைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

நாலாவது பாட்டில், மெதுவாகப் போகிற பாட்டு அது, தர்மன் தந்தியிலிருந்து கையை எடுத்துவிட்டான். முன்கூட்டி முடிவு செய்ததல்ல. கை தானாக வந்துவிட்டது. பாட்டு அங்கேயே சரிந்துவிடும் என்று நினைத்தான். ஒன்றும் ஆகவில்லை. வேர்க்கடலை விற்பவன் விற்றுக்கொண்டிருந்தான். கூட்டத்தில் முருகேசன் யாரிடமோ பேசிச் சிரித்தான். நமச்சிவாயம் திரும்பக்கூட இல்லை. அவர் சொன்னது சரிதான் என்று தோன்றியது.

இரண்டாவது சரணத்தைக் கமலவேணி அரைத் தாளம் முன்னால் எடுத்துவிட்டாள். குரல் தடுமாறி, சுருதி ஒரு மயிரிழை இறங்கியது. அவன் நின்ற இடத்திலிருந்து அவள் பின்கழுத்துதான் தெரிந்தது. அது விறைத்துப்போனது. இருட்டில் படி தேடுகிறவளைப் போல இரண்டு வரிகளைப் பாடினாள். தர்மன் அவசரமாக விரல்களைத் தந்தியில் வைத்தான். அவள் மீண்டுவிட்டாள், நன்றாகவே முடித்தாள். ஆனால் கைதட்டல் எழுந்தபோது முன்வரிசை நாற்காலி காலியாக இருந்தது.

மறுநாள் காலை அவள் அச்சுக்கூடத்துக்கு வந்தாள். அதுவரை வந்ததில்லை.

"நேத்து நடுவுல நிறுத்திட்டீங்க."

ஒயர் பிடுங்கிக்கொண்டது என்று சொல்ல வந்த வாயைத் தர்மன் அடக்கினான். "ஆமாம்மா."

"எதுக்குண்ணா?"

"யாருக்காவது கேக்குதான்னு பாத்தேன்."

அவள் எழுத்துப் பெட்டிகளைப் பார்த்தபடி சொன்னாள். "எனக்குக் கேக்குது. நாலு வருசமா அதும்மேலதான் நின்னுக்கினு பாடறேன். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

மெட்ராஸ்காரர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் போனாராம். நிஜமாகவே பஸ்தானா என்று அவன் கேட்கவில்லை. நாலு வருஷமாக யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிய வார்த்தை, இப்போது நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவிடாமல் செய்தது. மன்னிப்புக் கேட்க அவன் வாயெடுப்பதற்குள் அவள் படியிறங்கியிருந்தாள்.

வெளியே தூறல் போட்டது. தெரு நீளத்துக்கும் தறிக்குப் போகும் பட்டு நூல் பாவைக் கோல்களில் விரித்திருந்தார்கள். நனைவதற்குள் அதைத் தூக்கிவிட வேண்டுமென்று வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். கமலவேணியும் ஓடிப்போய் நடுவில் ஒரு கோலைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அடுத்த கோலில் ஆளில்லை. பாவு அங்கே தொய்ந்து, தரையைத் தொடப் பார்த்தது. தர்மன் வாசல்வரை ஓடி, அங்கேயே நின்றான். கையெல்லாம் அச்சு மை. வேட்டியில் துடைத்தான். மீண்டும் மீண்டும் துடைத்துக்கொண்டே தெருவில் இறங்கினான்.